ஆட்டிசம்: கைப்பேசிப் பேச்சும் நம் வீட்டுப் பிள்ளையும்
(தாராவியில் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இரவு ஷிப்டு முடிந்து வந்து கைப்பேசியைத் திறந்தால் ஆட்டிசம் பற்றி ஆயிரம் பேர் பேசுகிறார்கள். இது நோயல்ல, இப்படித்தான் பிறந்தோம், இதுவே எங்கள் அடையாளம் என்கிறார்கள் ஆட்டிசம் உள்ள இளைஞர்கள். உங்களுக்குப் பேச வருகிறது, என் மகனுக்குத் தண்ணீர் கேட்கக்கூட வரவில்லையே என்று தாய்மார்கள் அதன் கீழேயே பதில் போடுகிறார்கள். யார் பக்கம் நியாயம்? இரு பக்கமும்தான். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் ஆஸ்பெர்கர் முதலிய பல பெயர்களை எடுத்துவிட்டு ஒரே பெயராக்கியது. சரளமாகப் பேசுகிறவரும் பேச்சே வராதவரும் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டார்கள்.

டாக்டர் சொல்லாமல் தானே தன்னை ஆட்டிசம் என்று சொல்லிக்கொள்ளலாமா என்பது இன்னொரு சண்டை. பெரியவர்களைச் சோதித்துச் சொல்லும் டாக்டர் கிடைப்பதே அரிது. அப்படிச் சொல்லிக்கொள்பவரைக் கேலி செய்ய நமக்கு உரிமையில்லை. ஆனால் காகிதம் இல்லாமல் எந்த ஜன்னலிலும் வேலை நடக்காது என்பது எங்களைப் போன்ற ரயில்வே குமாஸ்தாக்களுக்கு நன்றாகத் தெரியும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. 40 சதவீதம் என்று சான்று இருந்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. நிராமயா காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும்.

நமக்கென்றே ஒரு தொல்லையும் இருக்கிறது. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தி. பிள்ளைக்குப் பேச்சு வரவில்லையா, மூன்று மொழிதான் காரணம், வீட்டில் தமிழை விடுங்கள் என்று சொல்லி அனுப்புகிறார்கள். இப்படிச் சொல்லிச் சொல்லியே இரண்டு வருடம் வீணாகிறது. தனக்கே சரியாக வராத இந்தியில் தாய் பிள்ளையைக் கொஞ்ச வேண்டுமாம்! இரு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சு கெடுவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டிவிட்டன. தமிழை விடாதீர்கள்.

தாயின் பாசக்குறைவே காரணம் என்று 1967இல் அமெரிக்காவில் பெத்தல்ஹைம் என்பவர் புத்தகமே எழுதினார். அது தவறென்று முடிவாகி வெகுகாலமாகிறது. நம் சால்களில் மாமியார்கள் அந்தப் புத்தகத்தைப் படிக்காமலே இன்னும் அதைச் சொல்கிறார்கள்.

ஸ்டெம்செல் ஊசியால் குணமாகும் என்று விளம்பரம் வந்தால் நகையை அடகு வைக்காதீர்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது, விளம்பரம் செய்வதே தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது.

சான்று விண்ணப்பம் நிரப்பித் தர ஞாயிறுதோறும் சங்க அலுவலகத்தில் இருக்கிறோம். ஆதாரும் போட்டோவும் கொண்டு வாருங்கள். பிள்ளையை வீட்டில் மறைத்துவிட்டு வர வேண்டாம், அழைத்தே வாருங்கள். சத்தம் போட்டால் போடட்டும். நம் பொதுக்குழுவில் போடாத சத்தமா!