வந்திருக்கணும்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுக்கும் மிளகும் மணக்கிற பண்டகசாலைகளில் கணக்கெழுதும் நம் பிள்ளைகளுக்குச் சாயங்காலங்களில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். அவர்களை அதிகம் திணற வைப்பது ‘வேண்டும்’ என்கிற ஒரே சொல்தான். அது ஆங்கிலத்தில் மஸ்ட், ஹேவ் டு, ஷுட் என்று பிரிந்து நிற்கிறது.

முதல் இரண்டும் நமக்குப் புதிதல்ல. “அம்மாவைப் போய்ப் பார்க்கணும்” என்பது பெரும்பாலும் மஸ்ட்; மனசு சொல்கிறது. “ஆபீசுக்குப் போக வேண்டியிருக்கு” என்பது ஹேவ் டு. வெளியிலிருந்து வரும் கட்டாயம்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். மிளகு மூட்டை ஏற்றிய லாரி கிளம்பி நாலு நாள். ‘இந்நேரம் சரக்கு உங்களிடம் வந்து சேர்ந்திருக்கணும்’ என்று வாங்கியவருக்குச் சொல்ல நினைத்தாள் என் மாணவி. ‘ஷுட் ஹேவ் ரீச்ட்’ என்று எழுதி அனுப்பினாள். அரை மணி நேரத்தில் போன்: “சரக்குக்கு என்ன ஆச்சு?” வந்திருக்க வேண்டியது, ஆனால் வரவில்லை என்று அவர் படித்துவிட்டார். அவள் நினைத்தது மஸ்ட் ஹேவ், நிச்சயமான ஊகம்.

நீங்களே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். “பஸ் வந்திருக்கணுமே!” ஸ்டாப்பில் நின்று தவிக்கிறோம். “பஸ் இந்நேரம் வந்திருக்கணும்.” வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறோம். சொல் ஒன்றுதான், குரலும் கடைசி ஏகாரமும் பொருளைப் பிரித்துவிடுகின்றன. கடிதத்துக்குக் குரல் ஏது? அதனால்தான் ஆங்கிலத்தில் சொல்லையே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

அதற்கு ஒரு வழி சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். ‘வந்திருக்கணும்’ இருக்கும் இடத்தில் ‘வந்திருக்கும்’ போட்டுப் பாருங்கள். நம் மலையாள அண்டை வீட்டார் ‘எத்திக்காணும்’ என்பார்களே, அதே ஊகம். பொருள் மாறவில்லையா? மஸ்ட் ஹேவ். ‘வரலியே’ என்ற குறை உள்ளே இருக்கிறதா? ஷுட் ஹேவ்.

நேரம் நெருங்கிவிட்டது, ஒன்று மட்டும். 1568-இல் கட்டிய நம் பரதேசி யூத ஜெப ஆலயத்துக்குள் செருப்போடு போகக் கூடாது. இது மஸ்ட் நாட். இதைப் போய் டோன்ட் ஹேவ் டு என்று சொல்லிவிட்டால், ‘கட்டாயமில்லை, உங்கள் இஷ்டம்’ என்று ஆகிவிடும். சுற்றிக்காட்டும் தம்பி தங்கைகள் கவனியுங்கள்.

அடுத்த ஆங்கிலக் கடிதம் எழுதும் முன் ஒருமுறை தமிழில் உரக்கச் சொல்லிப் பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன். எந்தச் சொல் என்று உங்கள் குரலே காட்டிக்கொடுக்கும்.