தட்டில் அடைபட்ட ஓவியங்கள்

1985ஆம் ஆண்டு ஜூலை மாதம் 23ஆந் திகதி, நியூயோர்க் நகரின் லிங்கன் சென்ரர் அரங்கிலே, கொமடோர் என்னும் நிறுவனம் அமிகா என்ற தன் புதிய கணினியை உலகுக்கு அறிமுகஞ் செய்தது. சூப்புப் பேணிகளையும் திரைப்பட நடிகையர் முகங்களையும் தீட்டிப் பெரும் பெயர் பெற்ற அண்டி வோர்ஹோல் என்னும் ஓவியர் அன்று மேடையேறி, பாடகி டெபி ஹரியின் உருவத்துக்குக் கணினித் திரையிலேயே வண்ணம் நிரப்பிக் காட்டினார். தூரிகையும் துணியுமின்றி ஓவியம் பிறப்பதை அவையோர் கண்டனர்.

மேடையில் மட்டுமன்றித் தனியாகவும் அவர் அக்கணினியிற் படங்கள் வரைந்தார். ஆயின் 1987ஆம் ஆண்டு பெப்ரவரியில் அவர் காலமானார். 1994இல் கொமடோர் நிறுவனம் முறிந்தது. அதே ஆண்டில் ஓவியர் பிறந்த ஊராகிய பிற்ஸ்பேர்க்கில் அவர் பெயரால் நூதனசாலையொன்று திறக்கப்பட்டது. அவருடைய கணினியும் அதன் நெகிழ்தட்டுக்களும் அங்கே போய்ச் சேர்ந்தன. தட்டுக்களில் யாது இருக்கின்றதென்று எவரும் அறியார். 2011ஆம் ஆண்டு கோரி ஆர்க்காஞ்சல் என்ற கலைஞர் பழைய அறிமுக விழாவின் படத்தைப் பார்த்து, அப்படங்கள் எங்கே எனக் கேட்ட பின்னரே தேடல் தொடங்கிற்று.

தட்டு கையில் இருக்கும்போது அதனைப் படிப்பதில் என்ன இடர் என்று நேயர்கள் வினவலாம். அமிகாவின் தட்டும் ஐ.பி.எம். வழிவந்த கணினிகளின் தட்டும் கண்ணுக்கு ஒன்றே. இரண்டும் மூன்றரை அங்குலம். இரண்டிலும் பக்கத்துக்கு 80 தடங்கள். ஒன்றை மற்றதன் வாயிற் செருகலாம்; எவ்விதத் தடையுமில்லை. செருகியவுடன் விண்டோஸ் என்னும் பணிசெயல் முறைமை, இத்தட்டு இன்னும் பண்படுத்தப்படவில்லை, இப்பொழுது பண்படுத்தலாமா என்று மிகுந்த பணிவோடு கேட்கும். அறியாதவர் ஒருவர் ஆம் என்று விடையிறுத்தாராயின், அதிலிருந்த யாவும் அழிந்துபோம். எதுவுமே எழுதப்படாத தட்டென்றே அக்கணினி அதனை எண்ணுகின்றது!

ஏன் அவ்வாறு எண்ணுகின்றது? பழைய ஏட்டுச்சுவடிகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சுவடியிற் சொல்லுக்கும் சொல்லுக்குமிடையே இடைவெளியில்லை, புள்ளியுமில்லை. மொழியறிந்தவன் தானே பிரித்துப் படிக்க வேண்டும். ஐ.பி.எம். வகைக் கணினியின் தட்டிலோ ஒவ்வொரு தடமும் ஒன்பது துண்டங்களாய், ஒவ்வொரு துண்டத்துக்கும் தனித் தலைப்புடனும் நடுவே வெற்றிடத்துடனும் எழுதப்பட்டிருக்கும். அத்தலைப்பைத் தேடிப்பிடிக்கும் வேலையை ஒரு சிறு சில்லு செய்கின்றது. அச்சில்லுக்குத் தெரிந்தது அந்த ஒரே முறைதான். எந்த மென்பொருளாலும் அதற்கு வேறு முறையைக் கற்பிக்க முடியாது. அமிகா அப்படியன்று. தடம் முழுவதையும் ஒரே மூச்சில் நினைவகத்துக்குள் இழுத்து, துண்டங்களைப் பிரிக்கும் வேலையைப் பின்னர் மென்பொருளிடம் ஒப்படைப்பது அதன் வழக்கம். துண்டங்களுக்கிடையே வெற்றிடம் வேண்டாமையால் தடத்துக்குப் பதினொரு துண்டங்கள் அடங்கின. ஆகவே அதே தட்டில் ஐ.பி.எம். வகை 7,37,280 பைற்றுக்களை எழுத, அமிகா 9,01,120 பைற்றுக்களை எழுதிற்று.

இதில் ஒரு வேடிக்கையுமுண்டு. வளைந்துகொடுக்கும் அமிகாவுக்குத் தக்க மென்பொருளைக் கொடுத்தால் அது ஐ.பி.எம். தட்டைப் படித்துவிடும். உலகமெங்கும் பரவி வெற்றிபெற்ற இயந்திரத்துக்கோ தோற்றுப்போன இயந்திரத்தின் எழுத்தைப் படிக்கும் ஆற்றல் இல்லை.

தட்டைப் படிக்கும் பொறுப்பைப் பிற்ஸ்பேர்க்கிலுள்ள கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினிக் கழகத்தார் ஏற்றனர். ஏறத்தாழ முப்பது ஆண்டு முதிர்ந்த தட்டு. காந்தப் பூச்சு உதிருமாயின் மறுமுறை படிக்க இயலாமலே போகலாம். ஆதலால் அவர்கள் அந்தச் சில்லை முற்றாக விலக்கி, கிரையோபிளக்ஸ் என்னும் கருவியைக் கொண்டுவந்தனர். அக்கருவி தட்டின் பொருளை அறிய முயல்வதில்லை. காந்தத்தின் திசை எந்தெந்தக் கணத்தில் மாறுகின்றதென்பதை மட்டும் அளந்து எழுதிக்கொள்ளும். ஒருமுறை படியெடுத்துவிட்டால், பின்னர் தட்டைத் தீண்டாமலே எத்தனை முறையும் ஆராயலாம். 2013ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவர்கள் நூதனசாலைக்குச் சென்று இப்பணியைச் செய்தனர்.

படியெடுத்த அளவில் வேலை முடிந்ததா? இல்லை. அது முதற் கதவு மட்டுமே. இரண்டாவது கதவு கோப்புக்களின் ஒழுங்கு. அமிகாத் தட்டின் 1,760 துண்டங்களுள் 880 என்னும் எண்ணுடைய நடுத் துண்டமே முழுத் தட்டுக்கும் வேராகும். கோப்புக்களின் பெயர்களை அங்கிருந்தே தொடர்ந்து செல்லல் வேண்டும். எண்களை எழுதும் வரிசையும் இன்ரெல் கணினிகளின் வரிசைக்கு நேர்மாறானது. நல்வினையாக, இக்கதவின் திறவுகோல் பல ஆண்டுகளாகப் பொதுவிற் கிடைத்தது. லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை அமிகாவின் கோப்பொழுங்கைத் தானே அறியும். அமிகாவைப் போல நடிக்கும் மென்பொருள்களும் பலவுள.

தட்டுக்கள் பலவற்றிற் கடையில் விற்ற மென்பொருள்களே காணப்பட்டன. பின்னர் ஒரு தட்டிற் கேம்ப்பெல்ஸ், மரிலின் என்ற பெயர்கள் தாங்கிய கோப்புக்கள் தோன்றின. சூப்புப் பேணியும் நடிகையும்! வோர்ஹோலின் கலையை அறிந்த எவருக்கும் அப்பெயர்கள் போதும். ஆயினும் மூன்றாவது கதவு அப்பொழுதும் மூடியே இருந்தது. அறிமுக விழாக் காலத்தில், விற்பனைக்கு வருமுன்னரே கொடுக்கப்பட்ட வரைதல் மென்பொருளால் அவை எழுதப்பட்டமையால், அக்கோப்பமைப்பைப் பிற்கால மென்பொருள் எதுவும் அறியவில்லை. கழகத்தார் பைற்றுக்களை நேரிற் பார்த்து, வண்ணங்களின் பட்டியல் எது, புள்ளிகளின் வரிசை எது எனத் தாமே கண்டறிந்து, படங்களை வெளிக்கொணர்ந்தனர்.

2014ஆம் ஆண்டு ஏப்ரலில் முடிவு வெளியிடப்பட்டது. முன்னர் எவரும் காணாத 28 படங்கள் கிடைத்தன. அவற்றுட் பதினொன்றில் வோர்ஹோலின் ஒப்பம் இருந்தது. போட்டிசெல்லியின் வீனசு மூன்று கண்களுடன் காட்சியளித்தாள். சூப்புப் பேணியின் கோடுகள் கோணலாய் ஓடுகின்றன. ஐம்பத்தாறு வயதான பெருங்கலைஞர் ஒருவர் புதிய கருவியோடு மல்லுக்கட்டிய தடம் அது. நேர்த்தியான படங்களைவிட இக்கோணலே பார்க்கத் தகுந்ததென்று துணிந்து கூறலாம்.

2021ஆம் ஆண்டு அப்படங்களுள் ஐந்து, கிறிஸ்ரீஸ் ஏல நிறுவனத்தில் மூன்று மில்லியன் டொலருக்கு மேல் விலைபோயின. ஆனால் அமிகாவின் திரையில் 320க்கு 200 என, 64,000 புள்ளிகளால் ஆன படம், ஏலத்தில் 6,000க்கு 4,500 என, இரண்டு கோடியே எழுபது இலட்சம் புள்ளிகளாகப் பெருக்கப்பட்டிருந்தது. அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கலைஞர் கோலன் லெவின் இதனை மறுத்துப் பேசினார். பெருக்கிய படம் வோர்ஹோல் எழுதிய கோப்பன்று. அவர் எழுதிய கோப்பின் பைற்றுக்கள் பிற்ஸ்பேர்க்கில் எடுத்த படிகளிலேயே உள்ளன.