முதுகு வலியும் கை வைத்தியமும்



இடுப்பு வலி இல்லாத வீடு உண்டா? நாற்று நடுகிறவர்களுக்கு இடுப்பு வலி. மூட்டை தூக்குகிறவர்களுக்கு இடுப்பு வலி. நாள் முழுதும் தையல் மிஷினில் உட்காருகிறவர்களுக்கும் இடுப்பு வலி. 2020-ம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இந்த வலி இருந்தது. இது உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்கு.

ஒரு சித்தாளை நினைத்துக்கொள்வோம். கலவைச் சட்டியைத் தூக்கும்போது ஒரு நாள் அவள் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. "அசையாமல் படு" என்கிறார்கள் வீட்டில். ஒரு மாதம் படுக்கிறாள். வலி குறைகிறது. மறுபடியும் வேலைக்குப் போகிறாள். பத்தே நாளில் வலி திரும்பி வருகிறது. கூலியும் போயிற்று, வலியும் போகவில்லை. ஏன் இப்படி ஆயிற்று?

முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. சிறு சிறு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருக்கின்றன. கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, இடுப்பில் 5. அவற்றுக்கு நடுவே மெத்தை போல ஜவ்வு இருக்கிறது.

இந்த அடுக்கு தானாக நிற்காது. திருவிழாவில் உயரமான மூங்கில் கம்பம் நடுகிறோம். நான்கு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டினால்தான் அது நிற்கும். முதுகெலும்புக்கு அந்தக் கயிறு எது? முதுகிலும் வயிற்றிலும் உள்ள தசைகள்தான். எலும்புகளை ஒட்டியே சின்னச் சின்னத் தசைகள் இருக்கின்றன. குனியும்போதும் நிமிரும்போதும் எலும்புகளை அவை பிடித்து வைக்கின்றன.

முதுகு வலி நீடித்தால் இந்தத் தசைகள் மெலிகின்றன. அசையாமல் படுத்தே கிடந்தால் இன்னும் மெலிகின்றன. தசை இருந்த இடத்தில் கொழுப்பு சேருகிறது. வலி போன பிறகும் தசை தானாகப் பழைய நிலைக்கு வருவதில்லை. பலருக்கு வலி திரும்பி வர இதுவும் ஒரு காரணம். அந்தச் சித்தாளுக்கும் கயிறு தளர்ந்துவிட்டது. தளர்ந்த கயிறோடு சுமை தூக்கினாள்.

கையால் தட்டி, அழுத்தி முதுகு வலியைப் போக்கும் முறைகள் பல உண்டு. அவற்றில் ஒன்று கைரோபிராக்டிக். "கையால் செய்வது" என்பது இதன் பொருள். 1895-ல் அமெரிக்காவில் டேவன்போர்ட் என்ற ஊரில் டி.டி. பால்மர் என்பவர் இதைத் தொடங்கினார். முதுகெலும்பு இணைப்பைக் கையால் சட்டென்று தள்ளுவார்கள். "டக்" என்று சத்தம் கேட்கும். விலகிய எலும்பு இடத்தில் சேர்ந்த சத்தம் அல்ல அது. இணைப்புக்குள் இருக்கும் நீரில் காற்றுக் குமிழி உண்டாவதால் வரும் சத்தம்.

இதனால் பலன் உண்டா? சிலருக்கு வலி குறைகிறது. 2023-ல் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழிகாட்டி வெளியிட்டது. பயிற்சி, மசாஜ் இவற்றோடு இந்தக் கை வைத்தியத்தையும் அதில் சேர்த்திருக்கிறது. இடுப்பு பெல்ட் வேண்டாம் என்றும் சொல்கிறது.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. பிறர் கை நம் வலியைக் குறைக்கலாம். நம் தசையை வளர்க்காது. நாம் அசைந்தால்தான் தசை வளரும். வலி குறைந்த நாளே பயிற்சி தொடங்கும் நாள்.

என்ன பயிற்சி? தினமும் நடக்கலாம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மெல்லத் தூக்கி இறக்கலாம். குழந்தை தவழ்வது போல இருந்து, வலக் கையையும் இடக் காலையும் நீட்டலாம். பிறகு கை, கால் மாற்றிச் செய்யலாம். முதலில் அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி செய்பவரிடம் கேட்டுக் கற்றுக்கொள்வது நல்லது. பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். பொறுமை வேண்டும்.

எல்லா முதுகு வலியும் ஒன்றல்ல. எலும்பில் காசநோய் இருந்தாலும் முதுகு வலிக்கும். புற்றுநோய் இருந்தாலும் வலிக்கும். வயதானவர்களுக்கு எலும்பு வலுவிழந்து முறிந்தும் இருக்கலாம். அந்த முதுகைத் தட்டித் தள்ளினால் ஆபத்து. காலே விளங்காமல் போகலாம். முடிவெட்டும் கடையில் கழுத்தைத் திருப்பி நெட்டி எடுப்பதும் வேண்டாம். அபூர்வமாக, கழுத்து ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு.

இந்த வரிகளை நோட்டில் எழுதி வையுங்கள்:

காலில் பலம் குறைகிறதா?
சிறுநீர், மலம் அடக்க முடியவில்லையா? சிறுநீர் கழிக்கவே முடியவில்லையா?
தொடை நடுவே மரத்துப் போகிறதா?
காய்ச்சலும் உடல் இளைப்பும் இருக்கிறதா?
விழுந்து அடிபட்ட பிறகு வலி வந்ததா?

இதில் ஒன்று இருந்தாலும் யாரிடமும் முதுகைக் காட்டித் தட்டிக்கொள்ளாதீர்கள். நேராக மருத்துவமனைக்குப் போங்கள். முதல் மூன்றில் ஒன்று இருந்தால் அன்றைக்கே போங்கள். காசநோய் என்று தெரிந்தால் அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்.

முதுகைத் தொட வருகிறவரிடம், "என்ன படித்தீர்கள்? எங்கே படித்தீர்கள்?" என்று கேளுங்கள். வாசலில் இருக்கும் பலகையைப் படித்துப் பாருங்கள். இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும்.

அந்தச் சித்தாளும் பயிற்சி செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வலி அடியோடு போகாமல் இருக்கலாம். ஆனால் சட்டியை உடம்போடு ஒட்டிப் பிடிக்கிறாள். முழங்காலை மடக்கித் தூக்குகிறாள். தளர்ந்த கயிறு மெல்ல மெல்ல இறுகுகிறது. கம்பம் நிற்கிறது.