நீரை வடித்த துணியும் நீரைக் கெடுத்த துணியும்

(செஞ்சியில் நம் அறக்கட்டளை நடத்திய விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். விழா நாளில் அறம் பற்றிப் பேசுவதற்கு என்னினும் தகுதியுடையோர் இந்த அவையில் பலர் உள்ளனர். ஆகவே நான் அறிந்த ஒன்றையே பேச விழைகின்றேன். நாம் உடுத்தும் துணி எங்கிருந்து வருகிறது, அதன் கழிவு எங்கே போகிறது, அக்கழிவின் சுமையை யார் தாங்குகிறார்கள் என்பதே இன்று என் பேச்சின் பொருள்.

என் இளமையில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு வெள்ளைத் துணி எப்போதும் கொடியில் தொங்கும். பாட்டியார் அதை இரண்டாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி, நீரை வடித்த பிறகே அடுக்களைக்குக் கொண்டு செல்வார். வடித்த பின் அத்துணியைத் தரையில் உதறமாட்டார். அதில் தங்கிய நுண்ணுயிர்கள் தாம் பிறந்த நீருக்கே திரும்பவேண்டும் என்று, சிறிது நீரால் அலசி அந்தக் கிணற்றிலேயே விடுவார். இங்குள்ள பெரும்பாலோர் வீடுகளிலும் இவ்வழக்கம் இருந்ததை நீங்கள் அறிவீர்கள். நீரிலுள்ள உயிரைக் காக்கும் கருவியாக நம் முன்னோர் கையில் இருந்தது ஒரு முழத் துணியே. அதே துணியை ஆக்கும் தொழில் ஓர் ஆற்றையே உயிரற்றதாக்கிய வரலாறு நம் தமிழகத்தில் நம் கண்ணெதிரில் நிகழ்ந்தது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளியங்கிரிப் பகுதியில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் கலப்பது நொய்யல் ஆறு. 1980-களுக்குப் பின் திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி பெருகியது. பஞ்சு நூலாலான துணிக்குச் சாயமேற்றுவது எளிய வேலையன்று. சாயம் நீரை விட்டு நூலில் போய் ஒட்டுவதற்கு உப்பினை மிகுதியாகச் சேர்க்கவேண்டும். ஒட்டிய சாயம் நிலைத்து நிற்பதற்குச் சோடா உப்புச் சேர்க்கவேண்டும். இவ்வளவு செய்தும் சாயத்தில் ஒரு பகுதி நூலில் பற்றாமல் நீரிலேயே தங்கிவிடும். சேர்த்த உப்போ ஏறத்தாழ முழுவதும் கழிவுநீரோடு வெளியேறும். ஒரு கிலோ துணியைப் பதப்படுத்த நூறு லிட்டருக்கும் மேல் நீர் செலவான காலம் உண்டு. அந்நீர் அனைத்தும் நொய்யலில் விடப்பட்டது.

பின்னர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டன. ஆயினும் அவை நிறத்தையும் கசடையும் குறைத்தனவேயன்றி, கரைந்த உப்பை நீக்கவில்லை. சுண்ணாம்பு இட்டுத் தெளியவைப்பதால் உப்பு நீங்காது என்பது பள்ளி மாணவரும் அறிந்த வேதியியல். நீர் தெளிந்து காணப்பட்டது. ஆனால் அது பாய்ந்த மண் உவர் நிலமாகியது.

நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1990-களின் தொடக்கத்தில் ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. உழவர்க்கு நீர் வழங்கக் கட்டிய அவ்வணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியது. சுற்றிலுமுள்ள கிணறுகளில் உப்பு ஏறியது. மஞ்சளும் வெங்காயமும் விளைந்த நிலங்கள் வாடின. அணையில் நீர் நிறையவேண்டும் என்று வேண்டுவதே உழவரின் இயல்பு. ஒரத்துப்பாளையத்து உழவர்களோ, அணையில் நீரைத் தேக்காதீர்கள் என்று முறையிட நேர்ந்தது.

பெரியோர்களே, இந்நிலையில் ஆராய்ச்சியாளர்களின் பணி எத்தகையது என்பதைக் கருதிப் பாருங்கள். சென்னைப் பொருளாதாரப் பள்ளியைச் சேர்ந்தோர் நீரின் தன்மையை ஆராய்ந்ததோடு நில்லாமல், பயிர், குடிநீர், மீன்வளம் ஆகியவற்றில் நேர்ந்த இழப்பையும் கணக்கிட்டனர். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் ஜனகராஜன், நொய்யலையும் பாலாற்றையும் ஆராய்ந்ததுடன், பாலாற்றுப் படுகையில் தோல் தொழிலாரையும் உழவரையும் ஒரே அவையில் அமர்த்திப் பேசவைக்கும் முயற்சியிலும் ஈடுபட்டார். வயலில் நின்று உழவன் சொல்லும் துயரம் ஆட்சியாளர் செவியில் ஏறுவதற்கு அளவும் எண்ணும் வேண்டியிருக்கின்றன. அவற்றை அளிப்பதே கல்வியாளர் செய்யக்கூடிய தொண்டு.

உழவர்களும் அறவழியிலேயே போராடினர். வேலூர் மாவட்டத் தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கு விலை தரவேண்டும் என்னும் நெறியை இந்நாட்டுச் சட்டமாக நிலைநாட்டியது. அதன் வழியே அமைக்கப்பட்ட சூழலிழப்பு ஆணையம், நொய்யல் பகுதியில் 28,000-க்கும் மேற்பட்ட உழவர்க்கு இழப்பீடு வரையறுத்தது. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் கடுமையான ஆணை பிறப்பித்தது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. அதன் பின்னரும் கழிவு நிற்காமையால், 2011 சனவரியில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடுமாறு உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

இன்று அங்கே, கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறாத முறையே சட்டம். எதிர்ச் சவ்வூடு பரவல் முறையிலும் ஆவியாக்கும் முறையிலும் நீரின் பெரும்பகுதி மீட்கப்படுகிறது. மீட்ட உப்புநீரையே மீண்டும் சாயமிடப் பயன்படுத்தும் வழியையும் கண்டுள்ளனர். இது பாராட்டத்தக்கது. எனினும் எஞ்சும் கலப்பு உப்பையும் கசட்டையும் எங்கே கொட்டுவது என்னும் வினா முற்றிலும் தீரவில்லை.

இதுவரை சொன்னது மாசின் கதை. நீதியின் கதை இதைவிடச் சிக்கலானது. 1982-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில், நச்சு மண்ணைக் கொட்டுவதற்குக் கறுப்பின மக்கள் வாழும் வாரன் மாவட்டத்தைத் தேர்ந்தபோது, ஊரார் சாலையில் படுத்து மறியல் செய்தனர். 'கழிவு எப்போதும் எளியோர் வாசலுக்கே ஏன் வருகிறது?' என்னும் அவர்களது கேள்வியிலிருந்தே சுற்றுச்சூழல் நீதி என்னும் சிந்தனை வலுப்பெற்றது.

அக்கேள்வியை நொய்யலில் கேட்டுப் பார்ப்போம். இழப்பீடு நிலத்தை வைத்துக் கணக்கிடப்பட்டது. அப்படியானால், அந்நிலத்தில் நாற்று நட்டும் களை பறித்தும் கூலி பெற்று, நிலம் கெட்டதால் வேலையிழந்த நிலமற்றவர்க்கு என்ன கிடைத்திருக்கும்? மறுபுறம், இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்துக் கீர்ட் டி நேவும் கிரேஸ் கார்ஸ்வெல்லும் திருப்பூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் பல்லாண்டு ஆராய்ந்து ஓர் உண்மையை எடுத்துக்காட்டினர். ஓர் ஊரில் தலித் இளைஞர்கள் பின்னலாடை வேலைக்குச் சென்றதால் நிலவுடைமையாளரைச் சார்ந்திருக்கும் நிலை தளர்ந்தது. மற்றோர் ஊரில் முன்பணக் கடனால் விசைத்தறிக் கூடங்களிலேயே கட்டுண்டு கிடந்தனர். ஆற்றைக் கெடுத்த அதே தொழில்தான் சிலர்க்கு விடுதலை வாயிலாகவும் இருந்தது என்பதை நாம் மறைக்கலாகாது. பட்டறைகள் மூடப்பட்ட நாளில் பட்டினி கிடந்தோரும் தொழிலாளரே. ஆறு வாழவேண்டும், அவர்களும் வாழவேண்டும். ஒன்றைக் காக்க மற்றொன்றைக் கைவிடுவது முழுமையான கொல்லாமை ஆகாது.

நம் சமூகத்தார் பலர் தலைமுறை தலைமுறையாக உழவர்கள். ஒரத்துப்பாளையத்து உழவனின் துயரம் நமக்கு எளிதில் விளங்கும். அவன் வயலில் கூலிக்கு உழைத்தவரின் துயரம் அத்துணை எளிதில் நம் கண்ணுக்குப் படுவதில்லை. நிலமுடையோராகிய நாம் இதனை நேர்மையாக ஒப்புக்கொள்ளவேண்டும்.

இனித் துணியின் முடிவைப் பாருங்கள். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 9.2 கோடி டன் துணிக்கழிவு சேர்கிறது என்று ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் கூறுகிறது. செல்வ நாடுகள் கழித்த ஆடைகள் கானா நாட்டுக் காந்தமாந்தோ சந்தைக்கும், சிலி நாட்டு அத்தகாமா பாலைவனத்துக்கும், நம் நாட்டுப் பானிபட்டுக்கும் போய்ச் சேர்கின்றன. பானிபட்டில் அவற்றைக் கிழித்து மீண்டும் நூலாக்கிக் கம்பளமாக்குவோர், பஞ்சுத் தூசியை மூச்சோடு உள்ளிழுக்கின்றனர். 'தானம்' என்று நாம் கட்டிக் கொடுக்கும் பழந்துணி மூட்டையும், பிரித்துப் பார்த்தால், பல வேளைகளில் நம் குப்பையை இன்னொருவர் வாசலுக்கு மாற்றுவதாகவே இருக்கிறது.

ஒரு பருத்திச் சட்டைக்கான நீர், பருத்தி விளைவது முதல் கணக்கிட்டால், ஏறத்தாழ 2,700 லிட்டர் என்பர். குடத்து நீரில் உள்ள சிற்றுயிர்க்கு இரங்கிய நாம், சட்டைக்குள் மறைந்துள்ள இந்நீரைப் பற்றி என்றேனும் எண்ணியதுண்டா? இல்லறத்தார்க்கு உரைத்த அணுவிரதங்களுள் ஐந்தாவது மிகுபொருள் விரும்பாமை. பயனின்றிச் செய்யும் தீங்கை விலக்குமாறு கூறும் அனர்த்ததண்ட விரதமும் நமக்குண்டு. உடுத்தாமல் பேழையில் மடிந்து கிடக்கும் ஆடை இவ்விரண்டையும் ஒருசேர மீறுகிறது.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை இந்த அவையின் முன் வைக்கின்றேன். முதலாவது, சற்றுமுன் எனக்குப் போர்த்திய பொன்னாடையைப் பற்றியது. அன்போடு அளித்தீர்கள், தலைவணங்கி ஏற்றேன். ஆனால் இத்தகைய ஆடைகள் என் வீட்டில் ஏற்கெனவே இருபதுக்கு மேல் உள்ளன. பெரும்பாலும் செயற்கை இழையால் ஆன அவற்றை உடுத்தவும் இயலாது. மண்ணில் மக்கவும் மாட்டா. அடுத்த ஆண்டு முதல் பொன்னாடைச் செலவை நம் மாணவர் கல்வி நிதியில் சேர்த்துவிட்டு, விருந்தினரை வாய்ச்சொல்லால் வாழ்த்துவோம். இரண்டாவது, நம்மில் துணி வணிகம் செய்வோர், தாம் விற்கும் துணி எங்கே சாயமேற்றப்பட்டது, அக்கழிவுநீர் எங்கே சென்றது என்று கேட்டறிந்து வாங்கவேண்டும். வணிகர் கேட்டால் பட்டறையாளர் விடை சொல்லியே தீரவேண்டியிருக்கும். மூன்றாவது, ஆராய்ச்சி மாணவராகும் நம் பிள்ளைகளுள் சிலராவது நம் சங்கராபரணி ஆற்றையும், நம் ஏரிகளையும், கிணறுகளையும் அளந்து எழுதி வைக்கட்டும். நொய்யல் கெட்ட பிறகே பலரும் அளந்தனர். நாம் கெடுமுன் அளப்போம்.

இங்கிருந்து சிறிது தொலைவில் திருநாதர்குன்று இருக்கிறது. 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்த சந்திரநந்தி ஆசிரியரின் பெயர் அங்கே பாறையில் நிற்கிறது. உணவையே துறந்தவரை நாம் வணங்குகிறோம். தேவைக்கு மேற்பட்ட ஆடையைத் துறக்க நமக்கு 57 நாள் வேண்டியதில்லை. அடுத்த முறை கடை வாயிலில் ஒரு கணம் நின்று எண்ணிப் பார்த்தாலே போதும்.

பாட்டியார் பயன்படுத்திய அந்த வடிகட்டும் துணி நைந்து கிழியும்வரை எங்கள் வீட்டில் இருந்தது. கிழிந்த பின் விளக்குத் திரியாயிற்று. அத்தகைய வாழ்வு நமக்குப் புதிதன்று. மறந்ததை நினைவுகூர்வோம்.