கட்டிலருகே ஒரு ஸ்டூல்



"ஏன் எனக்கு?" என்று வார்டில் கேட்கிறவர்களிடம், "எல்லாம் நன்மைக்கே" என்று நாம் சட்டெனச் சொல்லிவிடுகிறோம். நாங்களும் சொன்னதுண்டு, கேட்டவர்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டதும் உண்டு. யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்களே; வாய் திறந்த பிறகுதான் வினை. யோபுவுக்கோ கடைசிவரை காரணம் சொல்லப்படவில்லை.

வேலூர் மருத்துவர் மேரி வர்கீசுக்கும் அப்படியே. 1954-இல் நடந்த கார் விபத்துக்குப் பின் அவரால் நடக்க முடியவில்லை. காரணம் கிடைக்கவில்லை, வேலை கிடைத்தது. தொழுநோயால் மடங்கிய விரல்களுக்கான அறுவை சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாமே! டாக்டர் பால் பிராண்டின் ஊக்கத்தால், சக்கர நாற்காலியில் அமர்ந்து அதைச் செய்தார். அந்த நாற்காலியைக் கண்டே நோயாளிகள் தைரியம் கொண்டார்கள். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு மையம் உருவாகவும் உழைத்தார்.

இதை எல்லா நோயாளிகளிடமும் நாங்கள் சொல்லுவதில்லை. மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்த பனையேறி ஒருவர் இங்கே இருக்கிறார். உங்கள் காணிக்கையில் வாங்கிய சக்கர நாற்காலி கட்டிலருகே நிற்கிறது. அதைப் பார்க்கவே அவருக்கு மனமில்லை. நாங்கள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறோம். கேட்டால் ஜெபிக்கிறோம். நேற்று அவர் சொன்னது இவ்வளவுதான்: "நாளைக்கும் வாங்க ஐயா."