‘யார் பார்த்துக்கிட்டு இருந்தது?’ என்று பிறகு கேட்கலாம்



பிரிஞ்சாங்கில் காலை ஏழு மணி. பனி இன்னும் விலகவில்லை. தோட்டத்து வீடு ஒன்றில் அம்மாவும் அப்பாவும் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். பாட்டி தேநீரை ஆற்றி மேசைமேல் வைத்துவிட்டு, ரொட்டி எடுக்கத் திரும்புகிறார். இரண்டு வயதுப் பேரன் மேசை விரிப்பைப் பிடித்து இழுக்கிறான். குவளை கவிழ்ந்து, சூடான தேநீர் அவன் மார்பிலும் கையிலும் கொட்டுகிறது.

இது ஒரு குறிப்பிட்ட வீட்டின் கதை அல்ல. சின்னப் பிள்ளை இருக்கும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. அடுத்து என்ன நடக்கும் என்பதும் நமக்குத் தெரியும். பாட்டியின் கை பற்பசையைத் தேடும். பக்கத்து வீட்டு அக்கா கிச்சாப் போத்தலோடு ஓடி வருவார். இன்னொருவர் மஞ்சள் போடச் சொல்வார். யாரோ அம்மாவுக்குத் தொலைபேசியில் தகவல் சொல்வார்கள். மறுமுனையிலிருந்து வரும் முதல் கேள்வி, “நீங்க எங்க போனீங்க அத்தை? பிள்ளையை யார் பார்த்துக்கிட்டு இருந்தது?” என்பதாக இருக்கும். பாட்டி அழுவார், பிள்ளையும் அழும். தண்ணீர்க் குழாயைத் திறக்க மட்டும் ஒருவருக்கும் தோன்றியிருக்காது.

தீப்புண்ணுக்கும் சுடுநீர்ப் புண்ணுக்கும் முதல் மருந்து அந்தக் குழாய்த் தண்ணீர்தான். சூடு பட்ட இடத்தை ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். இரண்டு நிமிடம் போதாது. கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம். தோலின் மேற்பரப்பு ஆறியது போலத் தெரிந்தாலும் சூடு உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். அதைத் தடுப்பது தண்ணீர். உடனே செய்யத் தவறினாலும், மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. பற்பசை, கிச்சாப், நெய், முட்டை வெள்ளை, மஞ்சள் ஆகியவை சூட்டை உள்ளேயே அடைத்து வைக்கும், கிருமியையும் சேர்க்கும். மருத்துவர் புண்ணைப் பார்ப்பதற்கு முன் அவற்றை வழித்தெடுக்க வேண்டிவரும். அந்த வலியையும் பிள்ளைதான் தாங்க வேண்டும். பனிக்கட்டி வைப்பதும் கூடாது, அது தோலை மேலும் கெடுக்கும்.

மலைநாட்டுக்கு என்று இரண்டு விஷயங்கள் உண்டு. முதலாவது, கம்பளிச் சட்டை. தாப்பாவிலோ ஈப்போவிலோ பிள்ளை மெல்லிய பனியனோடு விளையாடும். கேமரன் மலையில் காலையில் ஸ்வெட்டர் போட்டிருக்கும். சூடான தேநீர் அதில் ஊறினால் சூடு உடம்போடு ஒட்டி நிற்கும். ஆகவே தண்ணீர் ஊற்றிக்கொண்டே சட்டையைக் கழற்ற வேண்டும். வளையல், மோதிரம், அரைஞாண் கயிறு ஆகியவற்றையும் வீக்கம் வருவதற்குள் எடுத்துவிட வேண்டும். துணி தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்கக் கூடாது.

இரண்டாவது, குளிர். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் குழாய்த் தண்ணீரே சில்லென்று இருக்கும். அதில் பிள்ளையின் உடம்பு முழுவதையும் முக்கினால் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடலாம். புண்ணுக்கு மட்டும் தண்ணீர், மற்ற உடம்புக்குப் போர்வை. புண்ணைக் குளிர வையுங்கள், பிள்ளையைக் கதகதப்பாக வையுங்கள். பிறகு உணவு சுற்றும் சுத்தமான பிளாஸ்டிக் தாளாலோ, பஞ்சு ஒட்டாத சுத்தமான துணியாலோ தளர்வாக மூடினால் போதும். புண் பிள்ளையின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலும், முகம், கை, பாதம், மறைவிடம், மூட்டு ஆகிய இடங்களில் பட்டிருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கைக்குழந்தைக்கு எவ்வளவு சிறிய புண்ணானாலும் காட்டியாக வேண்டும்.

மருத்துவமனை தூரத்தில் இல்லை. தானா ராத்தாவில் சுல்தானா ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது. பிரிஞ்சாங் பட்டணத்திலிருந்து சில கிலோமீட்டர்தான். ஆனால் பள்ளி விடுமுறையிலும் வார இறுதியிலும் அந்தச் சாலையில் வாகனங்கள் எப்படி நிற்கும் என்பது மலைவாசிகளுக்குத் தெரியும். அதோடு தோட்டத்திலிருந்து பெரிய சாலைக்கு வர வளைந்து நெளிந்து போகும் ஒற்றைத் தடம் வேறு. ஆகவே வண்டி வருவதற்கு முன்னால் உள்ள நிமிடங்கள் பாட்டியின் கையில் இருக்கின்றன.

அடுத்தது தொண்டையில் சிக்குவது. செர்ரி தக்காளியும் ஸ்ட்ராபெரியும் மலையில் விளைபவை. உருண்டையான எந்தத் தின்பண்டத்தையும் சின்னப் பிள்ளைக்கு முழுதாகக் கொடுக்கக் கூடாது, நீளவாக்கில் நறுக்கியே கொடுக்க வேண்டும். சிக்கிக்கொண்டால் பலர் உச்சந்தலையில் தட்டுவார்கள், அல்லது வாயில் விரலை விட்டுத் துழாவுவார்கள். தலையில் தட்டுவதால் பயன் இல்லை. விரலால் துழாவினால் சிக்கிய பொருள் இன்னும் உள்ளே போகும். பிள்ளை இருமிக்கொண்டிருந்தால் இருமவே விடுங்கள். இரும முடியாமல், சத்தம் வராமல் திணறினால், தலையைத் தாழ்த்திப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்ட வேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை என்றால் பிறகு மல்லாத்தி, நெஞ்சின் நடுவில் ஐந்து முறை அழுத்த வேண்டும். பெரிய பிள்ளைக்குப் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே வயிற்றை உள்நோக்கி மேல்நோக்கி அழுத்தும் முறை உண்டு. ஹைம்லிக் என்ற அமெரிக்க மருத்துவர் 1974இல் அறிமுகம் செய்த முறை அது. ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 999ஐ அழைக்க வேண்டும்.

மூன்றாவது நஞ்சு. காய்கறித் தோட்டங்கள் நிறைந்த மலையில் பூச்சிமருந்து இல்லாத கொட்டகை அரிது. மிச்சமான மருந்தை மினரல் தண்ணீர் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம்தான் பெரிய ஆபத்து. பிள்ளைக்கு அது குடிதண்ணீர் போத்தல். பாராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து மலேசியாவில் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆயினும் பழைய போத்தல் மூலையில் கிடக்கிறதா என்று பார்ப்பது வீட்டாரின் கடமை. பிள்ளை எதையாவது குடித்துவிட்டால் உப்புத்தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நஞ்சு மையம் இத்தகைய வேளையில் ஆலோசனை கூறும்.

நான்காவது, விழுந்து தலையில் அடிபடுவது. சரிவும் படியும் ஈரமும் நிறைந்த இடம் மலை. அடிபட்ட பிள்ளைக்குத் தைலம் தேய்த்துவிட்டு மறந்துவிடுகிறோம். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிதல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே போக வேண்டும். குறைந்தது இரண்டு நாள் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது அந்த முதல் கேள்விக்கு வருவோம். “யார் பார்த்துக்கிட்டு இருந்தது?” பிள்ளைமேல் உள்ள பாசத்தில் வாயில் வந்துவிடும் கேள்வி அது. ஆனால் அதைக் கேட்டுக் கேட்டுப் பயந்த பாட்டி, அடுத்த முறை பிள்ளை கட்டிலிலிருந்து விழுந்தால் சொல்லமாட்டார். “சும்மாதான் அழறான்” என்று சமாளிப்பார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அண்டை வீட்டு ஆயாவும் வேலை போய்விடுமோ என்று மறைப்பார். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது, எத்தனை மணிக்கு, எதைக் குடித்தது என்ற உண்மைதான் மருத்துவருக்குத் தேவை. பயந்தவர் வாயிலிருந்து அந்த உண்மை வராது. அதனால் உயிரே போகலாம்.

ஒரு காலத்தில் தோட்டத்தில் ஆயாக் கொட்டகை இருந்தது. கூப்பிட்டால் வரும் டிரசர் இருந்தார். பிள்ளைக்கு ஏதும் நேர்ந்தால் ஓடிப்போய் நிற்க ஓர் இடம் இருந்தது. இன்று பல வீடுகளில் ஆயாவும் டிரசரும் அந்தப் பாட்டி ஒருவர்தான். அவருக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. குற்றம் மட்டும் சொல்கிறோம்.

ஆகவே மருமகள்களும் மகன்களும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மலேசிய செம்பிறைச் சங்கமும் செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸும் முதலுதவிப் பயிற்சி அளிக்கின்றன. கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை அழைக்கலாம். பெற்றோர் மட்டும் போகாமல், பாட்டி, தாத்தா, பிள்ளை பார்க்கும் அக்கா எல்லோரையும் கூட்டிச் செல்ல வேண்டும். ஒரு பொம்மையை மடியில் போட்டு அவர்கள் கையாலேயே தட்டிப் பார்க்கட்டும். சுவரில் 999 என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். மேசை விரிப்பை இன்றே எடுத்துவிடுங்கள்.

நாளை அந்தத் தொலைபேசி ஒலித்தால், அம்மாவின் வாயிலிருந்து முதலில் வர வேண்டிய வார்த்தை இதுதான்: “அத்தை, பயப்படாதீங்க. குழாயைத் திறந்து காட்டுங்க. நான் வந்துகிட்டே இருக்கேன்.”