புற்றுக்காளான் வரும் காலம்



புரட்டாசி வெயில் இன்னும் காய்கிறது. ஆனாலும் காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஏரிக்கரைக் கிராமங்களில், மாலையானால் நாம் வானத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டோம். இடியோடு நாலு நல்ல மழை விழுந்தால் புற்றுக்காளான் பூக்கும். சின்ன வெங்காயமும் மிளகும் தட்டிப்போட்டு வைக்கும் அந்தக் குழம்புக்காக ஆண்டு முழுவதும் காத்திருக்கும் வீடுகள் நம் பங்கிலும் உண்டு. அன்றைக்குக் கறிக்குழம்புகூட இரண்டாம்பட்சம்தான்.

கடையில் டப்பாவில் கிடைக்கும் மொட்டுக்காளானையும், வைக்கோலில் வளர்க்கும் சிப்பிக்காளானையும் எந்த மாதத்திலும் வாங்கலாம். புற்றுக்காளானை அப்படிப் பண்ணை வைத்து வளர்க்க முடிவதில்லை. அதை வளர்ப்பது கறையான். மென்ற கட்டையையும் சருகையும் கொண்டு புற்றுக்குள் தேன்கூடு போல ஒரு தோட்டம் கட்டி, அதில் பூஞ்சையை வளர்த்து உண்கிறது. மழையில் மண் நனைந்ததும் அந்தப் பூஞ்சைதான் தரையைப் பிளந்து குடையாக வெளியே வருகிறது. நம் தறிக்கட்டையையும் பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டையும் தின்று தீர்க்கிற கறையான் கூட்டத்தின் கைவேலை இது! ஜாம்பியா நாட்டில் இதன் உறவுக்காளான் ஒன்று ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலத்துக்குக் குடை விரிக்கும்.

காத்திருக்கலாம், தேடலாம், நாமாக உண்டாக்க முடியாது. விடுதலைப் பயண நூலின் 16-ஆம் அதிகாரத்தில் வரும் மன்னாவும் அப்படித்தான். இஸ்ரயேல் மக்கள் விதைக்காத உணவு அது. பேராசையோடு அள்ளியவர் வீட்டிலும் கூடுதலாக ஒன்றும் நிற்கவில்லை. பதுக்கி வைத்தது புழுத்துப்போனது. புற்றுக்காளானையும் நாளைக்கென்று கூடையில் மூடி வைத்தால் காலையில் புழு நெளியும். கிடைத்த அன்றே சமைக்க வேண்டும். மிஞ்சினால் அன்றே அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும்.

இந்தப் புற்றுகளை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் இருளர் மக்கள். பாம்புக்கடி மருந்து செய்யத் தேவையான நஞ்சை எடுத்துத் தருவதும் அவர்களே. வடநெம்மேலியில் அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கிறது. அப்படிப்பட்ட அறிவுள்ள ஒரு தாய், விடியுமுன் நடந்து சேர்த்த காளானைச் சாலையோரம் இலையில் வைத்து விற்கும்போது, நாம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். பெரிய கடையில் ஒட்டியிருக்கும் விலையை வாய் திறக்காமல் கட்டுகிறவர்களும் நாம்தான். அவர்கள் தேடித் திரிந்த மேடுகள் பல இன்று எல்லைக்கல் நட்ட மனைகளாகிவிட்டன. புற்றை இடித்துச் சமப்படுத்திய இடத்தில் எத்தனை மழை பெய்து என்ன?

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். வெள்ளிக்காசு கறுக்கிறதா, பூச்சி கடித்திருக்கிறதா என்று பார்த்து நல்ல காளானைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதை நம்பக் கூடாது. சில காளான்களின் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. தின்று ஆறு மணி நேரத்துக்கு மேல் கழிந்த பிறகே வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கும். பிறகு கல்லீரலைக் கெடுத்துவிடும். நன்றாகத் தெரிந்தவர் காட்டாத காளானைத் தொட வேண்டாம். சந்தேகம் வந்தால், மிச்சக் காளானையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போவோம்.

நாம் ஆவலோடு எதிர்பார்க்கும் இதே மழை நெசவாளர் வீட்டில் கவலையாக இறங்குகிறது. குழித்தறியின் குழியில் ஈரம் கசியும். தெருவில் பாவு நீட்ட முடியாது. நெய்தால்தான் கூலி என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆகவே ஐப்பசியில் அன்பியக் கூட்டங்கள் கூடும்போது, எந்த வீட்டில் தறி நின்றிருக்கிறது என்று முதலில் விசாரிப்போம். யாருக்கு எவ்வளவு காளான் கிடைத்தது என்ற பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்வோம்.